உப்பு, சோடா, கரிப்புகை: ஒரு தூத்துக்குடிக் கதை

கரியமில வாயுவைப் பிடிச்சு வைக்கிற கதையை எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. 2025 வேதியியல் நோபல் இந்தப் பக்கம் வந்ததும் தூசி தட்டிட்டேன். சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூணு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் சாரம் கட்டின மாதிரி கோத்து, உள்ளே முழுக்க ஓட்டை ஓட்டையா ஒரு பொருள். இந்த வகையில் சிலதை ஒரு கிராம் எடுத்து உள்பரப்பை விரிச்சா 7000 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 31 கிரவுண்டு! தி.நகரில் அந்த ரேட்டுக்கு யாராவது விற்றால் சொல்லியனுப்புங்க.

இன்னொரு வழி, திரவ உப்பு. சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி வேணும். 1914ல் பால் வால்டன் 12 டிகிரியிலேயே உருகும் ஒரு உப்பைப் பற்றி எழுதினார். சென்னை மார்கழியில்கூட அது தண்ணியாத்தான் இருக்கும். ரொம்ப காலம் யாரும் பெரிசா கண்டுக்கலை. 1999ல் ஜோன் பிரெனக்கே குழு, இந்த மாதிரி திரவத்தில் கரியமில வாயு ஏராளமா கரையுது, ஆனா திரவம் வாயுவோடு ஆவியாப் போறதில்லைன்னு காட்டினப்புறம்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சிக்கல் என்னன்னா, விலை அதிகம், தேன் மாதிரி கெட்டி.

அதனால ஆலைகளில் இன்னிக்கும் ராஜா அமீன்தான். 1930ல் பாட்டம்ஸ் வாங்கின காப்புரிமை. வாயுவை உறிஞ்சும், சூடாக்கினா கக்கும். அந்தச் சூட்டுக்கு ஆகிற செலவுதான் தலைவலி.

இப்ப நம்ம ஊர் மேட்டர். கிண்டியில் மவுண்ட் ரோடு மேல ஸ்பிக் கட்டிடம் பார்த்திருப்பீங்க. அந்தக் குழுமத்தோட தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் செய்றது சலவை சோடா. உப்புத் தண்ணியில் அமோனியாவையும் கரியமில வாயுவையும் விட்டா நம்ம ஆப்பசோடா படியும், அதைச் சுட்டா சலவை சோடா. மிச்சமாகிற அம்மோனியம் குளோரைடு உரமாப் போயிடும். (ஒரு வீணும் இல்லாத சமையல்!) உப்புக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனா கரியமில வாயு தடையில்லாம வரணுமே?

அங்கேதான் ஐ.ஐ.டி கரக்பூர் பசங்க ரெண்டு பேர் வர்றாங்க. அனிருத்த சர்மாவும் பிரதீக் பும்பும் 2009ல் ஆரம்பிச்ச கம்பெனி கார்பன் கிளீன். அவங்க சரக்கு அமீனோடு சில உப்புகளைக் கலந்த கரைசல். வழக்கமான அமீனைவிடச் சூடு குறைவாக் கேட்கும். 2016ல், ஆலையின் நிலக்கரி பாய்லர் புகையைக் குளிரவச்சு, ஒரு கோபுரத்தில் இந்தக் கரைசலோடு மோதவிட்டு, வாயுவைப் பிரிச்சு நேரா சோடாவுக்கு அனுப்பினாங்க. திட்டம் வருஷத்துக்கு 60,000 டன். கம்பெனி சொன்ன செலவு டன்னுக்கு 30 டாலர். அரசு மானியம் பைசா கிடையாது. 2017 ஜனவரியில் பிபிசி வரைக்கும் செய்தியாச்சு. பூமியைக் காப்பாத்த இல்லை, நம்பகமா வாயு வேணும்னுதான் செஞ்சோம்னு நிர்வாக இயக்குநர் ராமச்சந்திரன் கோபாலன் வெளிப்படையாச் சொன்னார். எனக்குப் பிடிச்சதே அந்த நேர்மைதான்.

ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது. நிலக்கரி கரண்டு ஒரு யூனிட்டுக்குச் சுமாரா ஒரு கிலோ கரியமில வாயு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் இயந்திரம் ஒண்ணே ஒண்ணு முழு வேகத்தில் ஓடினா, அந்த 60,000 டன்னை 12 நாளில் ஊதித் தள்ளிடும்.

ரெண்டாவது, பிடிச்ச வாயு எங்கே போச்சு? சலவை சோடா பெரும்பங்கு கண்ணாடி உலைக்குப் போகுது. அங்கே மணலோடு உருகும்போது மறுபடி வாயு வெளியே வந்துடும். ஆப்பசோடாவும் அப்படித்தான். மயிலாப்பூர் மாட வீதியில் எண்ணெயில் பஜ்ஜி உப்புதே, உப்ப வைக்கிறதே அந்த வாயுதான். அதாவது இந்த ஏற்பாட்டில் மிச்சமாகிறது, சோடாவுக்காகத் தனியா எரிக்க வேண்டியிருந்த எரிபொருள்தான். புகை மண்ணுக்கடியில் போகலை, வழியில் ஒரு வேலை பார்த்துட்டுப் போகுது.