பாய்மரக் குருசும் தண்ணீர்த் தோணிகளும்

மணப்பாட்டுக் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் எழுந்த ஆண்டு 1581. அங்குள்ள குருசின் கதை அதற்கும் நாற்பது ஆண்டு மூத்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரை கண்டால் அந்த மரத்திலேயே குருசு செய்து நடுவதாகக் கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். கப்பல் குலசேகரன்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கியது. நேர்ச்சைப்படி குன்றில் குருசு நின்றது. இது நடந்தது 1540இல் என்பது ஊர் மரபு. ஆண்டுதோறும் செப்டம்பர் 14இல் நிறைவுறும் திருவிழாவுக்குக் கடற்கரை ஊர்கள் பலவற்றிலிருந்தும் மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

முத்துக்குளித்துறையில் ஐரோப்பியரின் கடல்வழி வருகைக்கு நினைவுச்சின்னம் எது என்று கேட்டால், இந்தக் குருசைத்தான் காட்டுவார்கள். அது பொருந்தாது என்பதே என் வாதம். குருசு கப்பலோடு வந்தது உண்மை. ஆனால் அது எதனால் ஆனது, எப்போது வந்தது, யார் அதைக் காத்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது இந்தக் கரையின் சின்னமாகவே நிற்கிறது. அதோடு, நினைவுகூரத் தக்க இன்னொரு கடற்பயணம் இருக்கிறது. அதற்கான கட்டளை இதே கரையில் உள்ள ஆலந்தலை என்னும் ஊரில் எழுதப்பட்டது. அதற்குக் கல் எதுவும் இல்லை.

முதலில் மரத்தைப் பார்ப்போம். போர்த்துகீசியர் தாம் போன கரைகளில் நட்டது ‘பத்ரோ’ என்னும் கல்தூண். உச்சியில் சிலுவை, அதன் கீழே அரச முத்திரை. 1480களில் தியோகோ காவோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இவற்றை நட்டார்; கிழக்குக் கரை மாலிந்தியில் வாஸ்கோ ட காமா நட்டதை இன்றும் பார்க்கலாம். இந்தத் தூண்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என்னை நிறுத்துவது ஒரு செய்தி: இவை புறப்படும்போதே கப்பலில் ஏற்றப்பட்டவை. கரையைக் காண்பதற்கு முன்பே அந்தக் கரைக்கான உரிமைச் சாசனம் செதுக்கித் தயாராக இருந்தது. மணப்பாட்டு மரத்தை யாரும் அந்த நோக்கத்தோடு ஏற்றி வரவில்லை. அது முறியாமல் இருந்திருந்தால் பாயைத் தாங்கிக்கொண்டு வேறு துறைமுகத்துக்குப் போயிருக்கும். அதில் அரச முத்திரை கிடையாது. உயிர் பிழைத்தவனின் நேர்ச்சை மட்டுமே உண்டு. கடலில் போய்த் திரும்பும் குடும்பங்களுக்கு அந்த நேர்ச்சையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. குருசு அவர்களுக்கு உரியதானதன் காரணத்தை இங்கிருந்துதான் தேட வேண்டும்.

அடுத்தது காலம். கப்பல் வந்ததால் கரைக்குச் சமயம் வந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆண்டுக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த மோதலில் நசுங்கிய இந்தக் கரையின் பரதவர்கள் 1530களின் நடுவில் தங்கள் தலைவர்களான பட்டங்கட்டிகளைப் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சியில் இருந்த போர்த்துகீசியரிடம் அனுப்பினார்கள். குதிரை வணிகரான ஜோவாம் த குருஸ் அதற்கு வழிகாட்டினார். அவர் கோழிக்கோட்டு சாமூதிரியால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு அங்கே ஞானஸ்நானம் பெற்றவர். 1537க்குள் இந்தக் கரையின் ஊர்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டன. 1538இல் வேதாளையில் கோழிக்கோட்டுக் கடற்படை போர்த்துகீசியரிடம் தோற்றது. மரபு சொல்லும் 1540ஐ அப்படியே ஏற்றாலும், முறிந்த பாய்மரம் ஒதுங்கியது ஏற்கெனவே கிறித்தவமாகிவிட்ட கரையில். முதலில் பயணப்பட்டவர்கள் இங்கிருந்து கொச்சிக்குப் போனவர்கள். வரலாற்றைத் திருப்பிய பயணம் அதுதான் என்று நினைக்கிறேன். அது கரையிலிருந்து புறப்பட்டது, கரைக்கு வந்ததல்ல.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொச்சியில் கிடைத்த பாதுகாப்பு இலவசமாக வரவில்லை. முத்து வருமானத்தின் மேல் போர்த்துகீசியத் தளபதியின் கை விழுந்தது. குருசு அந்தக் கையின் நிழலில்தான் நின்றது என்று சொல்லலாம். இதை எளிதில் தள்ள என்னால் முடியாது. ஆனால் இதே மறுப்பைப் பின்தொடர்ந்து போனால்தான் ஆலந்தலை வந்து சேரும்.

பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தார். மணப்பாட்டில் கடலைப் பார்த்த பாறைக் கெபியில் அவர் தங்கியதாக மரபு. 1544இல் உடன் உழைத்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவர் தொடர்ந்து எழுதிய கடிதங்களில் ஊரும் நாளும் உண்டு. வாய்மொழி மரபுக்கு இல்லாத உறுதி இவற்றுக்கு இருக்கிறது. அந்த ஜூன் மாதம் தெலுங்கு பேசும் வடுகப் படைகள் குமரி முனைப் பக்கத்து ஊர்களைத் தாக்க, மக்கள் கடற்பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். கச்சான் காலம், எட்டு நாள் எதிர்க்காற்றோடு போராடியும் முனையை எட்ட முடியவில்லை. திரும்பிக் கரைவழியே நடந்து போனார்.

செப்டம்பரில் தூத்துக்குடியின் முறை வந்தது. வடுகர் தாக்கியதில் போர்த்துகீசியத் தளபதி கோஸ்மே த பைவாவின் கப்பலும் வீடுகளும் எரிந்தன. அவரும் மக்களும் தீவுகளுக்கு ஓடினார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவை வான்தீவு போன்ற மணல் திட்டுகள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. திருச்செந்தூரில் அலைக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறுவதை அதிசயமாகப் போற்றும் கரை இது. நல்ல தண்ணீரின் அருமை இங்கே யாருக்கும் தெரியும். செப்டம்பர் 5 அன்று ஆலந்தலையில் இருந்த சவேரியார் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். புன்னைக்காயலில் உள்ள தோணிகளில் எல்லாம் தண்ணீர் நிரப்பி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு உடனே தளபதியின் உதவிக்குப் போக வேண்டும். கொம்புத்துறையும் வேம்பாரும் தண்ணீர்த் தோணிகளை அனுப்ப வேண்டும். பட்டங்கட்டிகளுக்கும் கடிதம் போனது.

யாருக்காக அந்தத் தண்ணீர் போனது என்பதை மறக்கக் கூடாது. கோஸ்மே த பைவா இந்தக் கரையைக் கொள்ளையிட்டவர் என்றும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் தீங்குகள் விளைந்தன என்றும் அதே ஆண்டு எழுதியவர் சவேரியார்தான். தங்களைச் சுரண்டியவனுக்கும், அவனோடு சேர்ந்து ஓடிய தங்கள் சனத்துக்கும் ஒரே தோணியில் தண்ணீர் அனுப்பச் சொல்லிப் பரதவர்களிடம் கேட்கப்பட்டது. குடியேற்றக்காரனும் குடிமக்களும் இவ்வளவு வெளிப்படையாக இடம் மாறி நின்ற தருணம் அந்தக் காலத்து ஆவணங்களில் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. பாதுகாப்பு தரவேண்டியவன் தாகத்தோடு மணல் திட்டில் இருந்தான். கடல் தெரிந்தவர்களும் தோணி வைத்திருந்தவர்களும் புன்னைக்காயல்காரர்கள்.

மூன்றாவது, குருசைக் காத்தவர்கள். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்ததும் போர்த்துகீசிய ஆட்சி இங்கே முடிந்தது. கத்தோலிக்கத்துக்கு எதிரான டச்சு ஆட்சியில் குருசைக் காக்க அரசன் இல்லை, தளபதி இல்லை. காத்தவர்கள் ஊர்க்காரர்கள். இங்குள்ள சில சொற்களின் கதையும் இதுதான். காலையில் வள்ளம் ஒதுங்கியதும் ஆலந்தலை மணலில் மீன் ஏலம் போகிறது. அந்த ‘ஏலம்’ போர்த்துகீசியச் சொல். ‘குருசு’ம் அப்படியே. இந்தச் சொற்களை வாங்கியவர்கள் அவை எங்கிருந்து வந்தன என்று நினைத்துக்கொண்டா பேசுகிறார்கள்? அவை அவர்களுடைய சொற்கள் ஆகிவிட்டன. மரத்துக்கும் அதுவே நடந்தது.

லிஸ்பனில் தேஜோ ஆற்றங்கரையில் கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1940இல் கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டி, 1960இல் நிலையாக எழுப்பியது. 52 மீட்டர் உயரம், கப்பல் வடிவம். முன்னணியத்தில் இளவரசர் என்ரிக், அவருக்குப் பின்னே இருபுறமும் 32 உருவங்கள். அவற்றில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். பேரரசின் கப்பலில் ஏறி நிற்கும் அந்தச் சவேரியாரை ஆலந்தலைக் கடிதத்தில் காண முடியவில்லை. அங்கே இருப்பவர் தனக்கென்று கப்பல் இல்லாதவர். மீனவரின் தோணியைக் கேட்டு எழுதியவர்.

ஆலந்தலையில் கல் ஒன்று நட வேண்டும் என்பது என் கோரிக்கை. கப்பல் வடிவம் வேண்டாம், உயரமும் வேண்டாம். 1544 செப்டம்பர் 5 என்ற நாள், புன்னைக்காயல், கொம்புத்துறை, வேம்பார் என்ற துறைகளின் பெயர்கள், ஏற்றிய சரக்கு குடிதண்ணீர் என்ற குறிப்பு, இவ்வளவும் போதும். கடிதம் தோணிக்காரர்களின் பெயரைச் சொல்லவில்லை. கல்லிலும் தளபதியின் பெயர் இருக்க வேண்டியதில்லை. ஏலம் நடக்கும் மணலை ஒட்டி, வள்ளத்தில் திரும்புகிறவர்கள் முதலில் பார்க்கும்படி கடல் பக்கம் முகம் வைத்து அதை நட வேண்டும்.