கிணற்றிலிருந்து தொலைக்காட்சிக்கு: ஜப்பானியப் பேய்ப் படங்களின் வரலாறு

பேய்ப் படம் என்றால் பாழடைந்த பங்களா, நள்ளிரவு, கிறீச்சிடும் கதவு என்றிருந்த எண்ணத்தை 1998-ல் வெளிவந்த ஒரு ஜப்பானியப் படம் மாற்றியது. ஹிடியோ நகாடா இயக்கிய 'ரிங்கு' படத்தில் பேய் வந்தது கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து. வந்த வழிதான் புதிது. பேய் மிகப் பழையது.

எடோ காலத்துப் பேய்கள்

டோக்கியோ நகரின் பழைய பெயர் எடோ. அங்கே 1825-ல் சுருயா நன்போகு எழுதிய 'யோட்சுயா பேய்க்கதை' என்ற கபுகி நாடகம் அரங்கேறியது. அதன் நாயகி ஒய்வா. அவளுடைய கணவனைத் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மணமுடிக்க விரும்பிய பக்கத்து வீட்டார், மருந்து என்று சொல்லி அவளுக்கு நஞ்சைக் கொடுக்கிறார்கள். முகம் சிதைகிறது. தலை வாரும்போது கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. இறந்தபின் அவள் தன் கணவனை விடாமல் துரத்துகிறாள்.

இன்னொரு பழங்கதையில் ஒகிகு என்ற வேலைக்காரப் பெண் வருகிறாள். பத்துத் தட்டுகளில் ஒன்றைத் தொலைத்தாள் என்று பழி சுமத்தி அவளைக் கொன்று கிணற்றில் வீசுகிறார்கள். இரவுதோறும் கிணற்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் கேட்கும். ஒன்பது வந்ததும் அழுகை.

வெள்ளை உடை (பிணத்துக்கு அணிவிக்கும் உடை), அவிழ்ந்த கூந்தல், கிணறு ஆகிய மூன்றும் இந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. மனைவியும் வேலைக்காரியும் உயிரோடு இருந்தபோது அவர்கள் முறையிட இடமில்லை. இறந்தபிறகுதான் நியாயம் கேட்க முடிந்தது. ஆகவே அந்தப் பேய்களைக் கண்டு முதலில் அஞ்ச வேண்டியவர்கள் குற்றவாளிகளே.

1910: ஓர் உண்மைச் சம்பவம்

டோக்கியோ பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஃபுகுராய், மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணுக்கு மறைந்திருப்பதைக் காணும் ஆற்றல் உண்டு என்று நம்பினார். 1910-ல் அறிஞர்கள் முன்னிலையில் சோதனை நடந்தது. சோதனையின் நேர்மை குறித்துச் சந்தேகம் கிளம்பி, பத்திரிகைகளில் விவாதம் ஆனது. 1911 ஜனவரியில் அந்தப் பெண் நஞ்சருந்தி இறந்தார். அப்போது அவருக்கு வயது 24. 'ரிங்கு' படத்தில் வரும் பேயான சடாகோவின் தாய் பாத்திரத்துக்கு இந்தச் சம்பவமே அடிப்படை.

வீடியோ வந்த பிறகு

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரம் சரிந்தது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கமும், மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதலும் நிகழ்ந்தன. அன்றாட வாழ்க்கை பத்திரமானது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்ட காலம் அது.

இதற்குச் சற்று முன்பே, 1991-ல், நோரியோ சுருடா என்ற இயக்குநர் வீடியோவில் மட்டும் வெளியாகும் சிறு பேய்க் கதைகளை எடுக்கத் தொடங்கியிருந்தார். பெரிய செலவு கிடையாது. பேய் மங்கலாக, அசையாமல், அறையின் மூலையில் நிற்கும். அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் இந்த முறையிலிருந்து பாடம் கற்றுக்கொண்டனர்.

அதே 1991-ல் வெளியான கோஜி சுசுகியின் நாவலே 'ரிங்கு' ஆனது. ஒரு வீடியோ நாடாவைப் பார்த்தவர் ஏழு நாளில் இறந்துவிடுவார் என்பது கதை. சடாகோவாக நடித்த ரியே இனோ கபுகி பயிற்சி பெற்றவர். அவரைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். அந்த நடையின் விநோதத்துக்கு இதுவே காரணம்.

(படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

பழைய கதையாக இருந்தால், கிணற்றில் கிடக்கும் எலும்புகளை எடுத்ததும் ஆவி அமைதி அடைந்திருக்கும். இங்கே அடையவில்லை. நாடாவைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் உயிர் பிழைக்கலாம். மகனைக் காப்பாற்ற, அந்த நாடாவோடு தன் தந்தையின் வீட்டுக்குக் கிளம்புகிறாள் ஒரு தாய். நியாயம் கேட்ட பேய் தொற்றுநோயாக மாறிவிட்டது. குற்றம் செய்யாதவரும் சாகலாம். தப்பிப்பவர் குற்றவாளி ஆகிறார். 'ரிங்கு' கொண்டுவந்த புதுமை இதுதான்.

உலகம் முழுவதும்

கியோஷி குரோசவாவின் 'கைரோ'வில் (2001) பேய்கள் இணையம் வழியாக வருகின்றன. மனிதர்கள் தனிமையில் கரைந்து சுவரில் கறையாகிறார்கள். நகாடாவின் 'டார்க் வாட்டர்' (2002) மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு தாயின் கதை. தகாஷி ஷிமிசுவின் 'ஜு-ஒன்' வரிசையில், கணவனால் கொல்லப்பட்ட கயாகோ அந்த வீட்டுக்குள் நுழையும் யாரையும் விடுவதில்லை.

ஹாலிவுட் 2002-ல் எடுத்த 'தி ரிங்' உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது. கொரியாவில் கிம் ஜீ-வூன் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) படத்தைத் தம் நாட்டுப் பழங்கதையிலிருந்து எடுத்தார். தாய்லாந்தின் 'ஷட்டர்' (2004) பேயைப் புகைப்படத்தில் காட்டியது. அதுவே தமிழில் 'சிவி' (2007) ஆயிற்று. 'ஷட்டர்' பேய் கேட்பது மறுபடியும் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குக் கணக்கு. ஒய்வாவின் வழி அடைபடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

எதில் தொடங்கலாம்?

முதன்முறை பார்ப்பவர்கள் 'ரிங்கு', 'டார்க் வாட்டர்', 'ஷட்டர்' என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. பொறுமை உள்ளவர்களுக்கு 'கைரோ'. அதன் வேகம் குறைவு; ஆனால் படம் முடிந்த பிறகும் மனதை விட்டு அகலாது.

வீடியோ நாடா இயந்திரம் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. சடாகோவுக்கு அதனால் நஷ்டமில்லை. 2019-ல் நகாடாவே இயக்கிய 'சடாகோ' படத்தில் இணையத்தில் வீடியோ ஏற்றும் ஓர் இளைஞனிடம் அவள் வந்துவிட்டாள். ஒன்றைப் பார்த்தவுடன் அடுத்தவருக்கு அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை அவளுக்கு வேலை இருக்கும்.