கடிப்பொருத்தமும் ஒளிப்படமும்

மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றோடொன்று சேரும் விதம் கடிப்பொருத்தம் எனப்படும். கேப், பிரிட்ஜ், பல் செட் ஆகியவற்றைப் பொருத்தும்போது இது சிறிது பிசகினாலும் மெல்லும்போது வலி வரலாம். கட்டிய பல் உடையலாம். இப்பொருத்தத்தைக் கணிக்க உதவும் துணைகளுள் ஒன்று ஒளிப்படம்.

வரலாறு

1839இல் பாரிசில் டாகேரின் ஒளிப்பட முறை வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் முதல் பல் மருத்துவ இதழ் தொடங்கியது. 1899இல் எட்வர்ட் ஆங்கிள், முதல் கடைவாய்ப் பற்கள் சேரும் நிலையைக் கொண்டு கடிப்பிழைகளை மூன்று வகைகளாகப் பிரித்தார். வாய்க்குள் வெளிச்சம் போதாது என்பதால் படம் எடுப்பது கடினமாக இருந்தது. 1962இல் நிக்கான் நிறுவனம் வளைய ஃப்ளாஷ் இணைந்த மருத்துவ லென்சை வெளியிட்டது. ஆனாலும் பிலிமைக் கழுவிய பிறகே படத்தின் குறை தெரியும். 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவின் வழிவந்தவை இக்குறையை நீக்கின. நோயாளி நாற்காலியை விட்டு எழுமுன்பே படத்தைப் பார்த்து, தேவையானால் மீண்டும் எடுக்கலாம்.

செய்முறை

கன்னங்களை விலக்கி, பற்களைக் கடிக்கச் செய்து முன்புறம், வலம், இடம் என மூன்று படங்களும், கண்ணாடியின் துணையுடன் மேல், கீழ் வரிசைகளின் படங்களும் எடுப்பர். கேமரா பல்வரிசையின் மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து சாய்த்து எடுத்தால் மேல் பல் கீழ்ப் பல்லை மூடும் அளவு தவறாகத் தெரியும். முகப்படத்தில் இரு கண்மணிகளை இணைக்கும் கோட்டோடு பல்வரிசையை ஒப்பிட்டால் சாய்வு புலப்படும்.

படம் பற்களின் இடத்தைக் காட்டுமே தவிர, கடியின் அழுத்தத்தைக் காட்டாது. எனவே வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து, படியும் புள்ளிகளைப் பார்க்கும் பழைய சோதனை இன்றும் தேவை.

வடசென்னையில் இதன் பயன்

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள இதற்கு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் மின்சார ரயிலில் வந்து சேரலாம். துறைமுகத்திலோ ஆலையிலோ தினக்கூலிக்கு உழைப்பவருக்கு, பல்லைத் திருத்த மறுமுறை வருவது ஒரு நாள் கூலியின் இழப்பு. பல்லைச் செய்யும் ஆய்வகத் தொழில்நுட்பர் பெரும்பாலும் நோயாளியை நேரில் காண்பதில்லை. அச்சு மட்டுமே அவர் கைக்குப் போகிறது. முகத்தை அவரிடம் சேர்ப்பது ஒளிப்படமே. பற்கள் முழுவதும் விழுந்தவருக்கு, பழைய திருமணப் படம்கூட முன்பற்களின் அளவையும் வடிவையும் சொல்லும். ஆகவே பல் கட்டச் செல்வோர் அத்தகைய படம் இருந்தால் உடன் எடுத்துச் செல்வது நல்லது.