நிலாவில் சிக்கிய டிரில்

1971, ஆகஸ்ட் 2. நிலாவில் அப்போலோ 15 ஆசாமிகள் இரண்டு பேர் ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டேவிட் ஸ்காட், ஜேம்ஸ் இர்வின். முந்தைய நாள் பேட்டரி டிரில்லை வைத்து மண்ணுக்குள் இறக்கிய குழாய், வெளியே வருவேனா என்கிறது. தோளைக் கொடுத்து, தம் கட்டி, இருவரும் சேர்ந்து இழுத்த பிறகுதான் அசைந்தது. சுமார் இரண்டரை மீட்டர் நிலா மண் அதற்குள் இருந்தது.

ஒயர் இல்லாத டிரில், ஒயர் இல்லாத ரம்பம் எல்லாமே நாசா புண்ணியத்தில் வந்தவை என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தப்பு. நாசாவுக்குச் செய்துகொடுத்தவர்கள் அதற்கு முன்பே, 1961லேயே, பேட்டரி டிரில்லைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிளாக் அண்ட் டெக்கர். பால்டிமோரில் 1910ல் இரண்டு இளைஞர்கள் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்த கம்பெனி. டங்கன் பிளாக் தன் காரை விற்று அந்த 600ஐப் புரட்டினார். (பி.காம். படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது முதலீட்டுக் கணக்குதான், மன்னிக்கவும்.) துப்பாக்கி மாதிரி பிடித்து விசையை அழுத்துகிற டிரில்லுக்கு 1917ல் பேடண்ட் வாங்கியதும் இவர்களேதான்.

சரி, ரம்பத்துக்கு வருவோம். ரம்பம் போடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

தையல் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றுகிறது, ஊசி மேலும் கீழும் போகிறது. அதேதான். மோட்டாரின் சுழற்சியை முன்னும் பின்னுமாக மாற்றி, முனையில் ஒரு பிளேடைச் செருகிவிட்டால் தீர்ந்தது விஷயம். 1951ல் அமெரிக்காவின் மில்வாக்கி கம்பெனி இப்படியொன்றைச் செய்து ‘சாஸால்’ என்று பெயர் வைத்தது. எல்லாத்தையும் அறுக்கும் என்று அர்த்தம். மரம், ஆணி, இரும்புக் குழாய், எது குறுக்கே வந்தாலும். பிளம்பர்களும் எலெக்ட்ரீஷியன்களும் கொண்டாடினார்கள். ஆனால் கனம். இரண்டு கையும் வேண்டும். கூடவே ஒயர்.

ஒயரை அறுத்துவிடலாம்தான். கரண்ட் எங்கிருந்து வரும்?

அந்தக்கால நிக்கல் காட்மியம் செல் ஒன்று கொடுப்பது 1.2 வோல்ட். 12 வோல்ட் வேண்டுமென்றால் பத்து செல் அடுக்கவேண்டும். கைப்பிடிக்குக் கீழே ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. லித்தியம் அயான் செல்லோ 3.6 வோல்ட். மூன்றே செல் போதும். சோனி 1991ல் அதை விற்க ஆரம்பித்தபோது கேமராவுக்கும் செல்போனுக்கும்தான் போனது. 2003ல் பாஷ் ஒரு குட்டி ஸ்குரூடிரைவரில் வைத்தது. 2005ல் மில்வாக்கி 28 வோல்ட் மெஷின்களையே இறக்கியது. அதன் பிறகுதான் ஒரு கையால் தூக்கி, ஸ்டூல் மேல் நின்று, பரண் ஓரத்து பிவிசி குழாயை அறுக்கிற சைஸில் ரம்பங்கள் வந்தன.

இங்கே ஒரு சின்ன வியாபாரத் தந்திரம் இருக்கிறது. மூன்று செல், தலா 3.6. பெருக்குங்கள். 10.8தானே வருகிறது? பெட்டியில் 12 என்று போட்டிருப்பார்கள். முழுசாக சார்ஜ் ஏறிய கணத்துக் கணக்கு அது. இதேபோல் அமெரிக்கக் கடைகளில் ஒன்றில் 18, இன்னொன்றில் 20 மேக்ஸ் என்று எழுதியிருந்தால், பிந்தியது பலசாலி என்று நினைத்து அதிகம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டிலும் வரிசையாக ஐந்து செல். வோல்ட்டேஜ் ஒன்றேதான்.

பிறகு எதைத்தான் பார்ப்பது? பிளேடு ஒருமுறை எவ்வளவு தூரம் போய்வருகிறது என்று பாருங்கள். பெரிய ரம்பங்களில் ஓர் அங்குலத்துக்கு மேல். குட்டியில் அரை அங்குலத்தை ஒட்டி. கொய்யாக் கிளைக்கும் குழாய்க்கும் அது தாராளம். கதவு நிலையை அறுக்க எடுத்துப் போனால் மானம் போகும். பிளேடு விஷயத்தில் பல்லை எண்ணவேண்டும். மரத்துக்கு அங்குலத்துக்கு ஆறு பல், இரும்புக்குப் பதினான்குக்கு மேல். மரத்துப் பல்லை மெல்லிய தகரத்தில் வைத்தால் கடித்துக்கொண்டு மெஷினே உதறும். அப்படி உதறும்போது கை பிளேடுக்குக் கிட்டே இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் பிளேடைத் தொடவேண்டும். ஒயரைப் பிடுங்கிய நிம்மதி இதில் தானாக வராது.

கம்பெனிக்காரனின் நிஜமான சாமர்த்தியம் பேட்டரியில்தான். ஒருவனுடையது பொதுவாக இன்னொருவன் மெஷினில் பொருந்தாது. முதல் டிரில்லை வாங்கியபோதே, அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கடைக்குப் போவீர்கள் என்பது முடிவாகிவிட்டது.

நண்பர் ஒருவர் ரம்பம் வாங்கவேண்டும் என்று ஒரு வாரம் என்னைப் படுத்தினார். வோல்ட், வேகம், எடை என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு. வீட்டில் டிரில் இருக்கா, எந்த கம்பெனி என்று மட்டும் கேட்டேன். பரணிலிருந்து எடுத்துப் பார்த்துச் சொன்னார். அதே கம்பெனி ரம்பத்தை, பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினாக வாங்கினார். விலை கணிசமாகக் குறைந்தது. மிச்சப் பணத்தில் பிளேடு வாங்குங்கள் என்றேன். டிபன் வாங்கிக் கொடுத்தார்.