சத்தம் போடாத வில்

நம் புராணக் கதைகளில் ஒரு வீரன் போர்க்களத்துக்கு வந்தால் முதல் காரியமாக என்ன செய்வான்? அம்பை எடுக்க மாட்டான். வில்லின் நாணை இழுத்து, ‘டொய்ங்ங்...’ என்று ஒரு சுண்டு சுண்டுவான். ராமன் நாணைச் சுண்டினால் இலங்கை நடுங்கும். அர்ஜுனன் காண்டீபத்தைச் சுண்டினால் எதிரிப் படைக்கு வயிற்றைக் கலக்கும். நாணொலி என்பது வீரனின் விசிட்டிங் கார்டு!

ஜப்பானில் அரச குடும்பத்தில் குழந்தை பிறந்தால், கெட்ட சக்திகள் அண்டாமல் இருக்க, அம்பு தொடுக்காமல் வெறும் நாணை மட்டும் சுண்டிச் சத்தம் எழுப்புகிற சடங்கு உண்டு. நம்ம ஊர் வில்லுப்பாட்டிலும் அப்படித்தான். வில்லில் மணிகளைக் கட்டி, வீசுகோலால் நாணைத் தட்டினால் அதுவே வாத்தியம்.

சரி, போருக்கும் பூஜைக்கும் பாட்டுக்கும் சத்தம் வேண்டும். ஆனால், வேட்டைக்காரனுக்கு?

அவனுக்கு அந்த ‘டொய்ங்’தான் முதல் எதிரி.

சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். மரத்தாலான பாரம்பரிய வில்லிலிருந்து புறப்படும் அம்பு ஏறக்குறைய விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும். சத்தமோ விநாடிக்கு 340 மீட்டர். மான் 20 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு போய்ச் சேர 0.4 விநாடி ஆகும். நாணின் சத்தம் 0.06 விநாடியிலேயே மானின் காதுக்குப் போய்விடும். அதாவது, ‘அம்பு வருது, ஓடு!’ என்று நம்ம வில்லே மானுக்குத் தந்தி அடித்துவிடுகிறது. கிடைக்கிற அவகாசம் மூன்றில் ஒரு பங்கு விநாடி. மானுக்கு அது தாராளம். பாய்ந்து ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கிச் சற்றே பதுங்கும் பாருங்கள்... அந்த ஒரு குனிவு போதும். அம்பு அதன் முதுகுக்கு மேலே பறந்து போய்விடும்.

வில் ஏன் சத்தம் போடுகிறது? நான் படித்தது பி.காம்., பௌதிகம் இல்லை. ஆனாலும் இது எனக்கு வரவு-செலவுக் கணக்காகவே புரிந்தது. நாணை இழுக்கும்போது நம் தோளின் பலம் வில்லுக்குள் டெபாசிட் ஆகிறது. விட்டவுடன் அதில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சம் வைத்த பாக்கி எங்கே போகும்? வில்லின் நடுக்கமாகவும் நாணின் அதிர்வாகவும் செலவாகிறது. அந்த அதிர்வுதான் சத்தம். அம்பு கனமாக இருந்தால் அது அதிகம் எடுத்துக்கொள்ளும், பாக்கி குறையும், சத்தமும் குறையும். ரொம்ப லேசான அம்பை விட்டால் வில் ஊரைக் கூட்டும்.

அந்தப் பாக்கியை அடக்குவதற்கு ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. பேரைக் கேட்டால் சிரிப்பீர்கள்... சைலன்ஸர்! நம்ம மோட்டார் பைக்குக்கு இருக்கிற மாதிரி வில்லின் நாணுக்கும்.

பெரிய இயந்திரம் எல்லாம் இல்லை. பீவர் என்ற நீர்விலங்கின் ரோமத்தோலை மெல்லிய நாடா மாதிரி வெட்டிக்கொள்கிறார்கள். நாண் என்பது பல இழைகளை முறுக்கிச் செய்தது இல்லையா? அந்த முறுக்கைக் கொஞ்சம் பிரித்து, இழைகளுக்கு நடுவே நாடாவின் நுனியைச் செருகி, மிச்சத்தை நாணைச் சுற்றிக் கொடி மாதிரி சுற்றி, மறு நுனியையும் இழைகளுக்குள் சொருகிவிட்டால் முடிந்தது. முறுக்கு மறுபடி இறுகும்போது அது கவ்விக்கொள்ளும். பார்ப்பதற்கு நாணில் இரண்டு கம்பளிப்பூச்சி உட்கார்ந்த மாதிரி இருக்கும். ரோமத்துக்குப் பதில் கம்பளி நூல் குஞ்சம் கட்டுகிறவர்கள் உண்டு, ரப்பர் இழைகள் கட்டுகிறவர்களும் உண்டு.

எங்கே கட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேல் முனையிலிருந்து நாணின் நீளத்தில் கால் பங்கு தள்ளி ஒன்று, கீழ் முனையிலிருந்து அதே மாதிரி இன்னொன்று. இது பொதுவான வழக்கம். நடுப்பக்கம் போகப் போகக் குஞ்சத்தின் எடையையும் நாண் சுமக்க வேண்டும், அம்பின் வேகம் குறையும். முனைக்கு ரொம்பப் பக்கத்தில் கட்டினால் வேகம் போகாது, ஆனால் சத்தம் சரியாக அடங்காது. எதையாவது கொடுத்தால்தான் எதையாவது வாங்க முடியும். வேகத்தில் துளியை விற்று மௌனத்தை வாங்குகிற வியாபாரம் இது.

‘அட, அமெரிக்கக் கடைக்காரன் கண்டுபிடித்த புது ஐட்டம் போலிருக்கு’ என்று தோன்றுகிறதா? இல்லை. துப்பாக்கிகள் வந்த பிறகும், மௌனமான வில்லை நம்பியே உயிர் வாழ்ந்த ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

1911, ஆகஸ்ட் 29. கலிஃபோர்னியாவில் ஆரோவில் என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே ஒரு கசாப்புக்கூடம். வாசலில் நாய்கள் விடாமல் குரைக்கின்றன. வந்து பார்த்தால், எலும்பும் தோலுமாக ஒருவர் ஒடுங்கிக் கிடக்கிறார். வயது ஐம்பது இருக்கலாம். அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஷெரீஃப் அவரைக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார், குற்றத்துக்காக அல்ல, வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல்!

அவர் யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர். 1849-ல் தங்க வேட்டைக்காக வெள்ளையர்கள் கலிஃபோர்னியாவுக்குள் வெள்ளமாய்ப் புகுந்தபோது யாஹிகள் சில நூறு பேர் இருந்தார்கள். 1860-களில் துப்பாக்கிகளோடு தேடித் தேடிக் கொன்றார்கள். தப்பியது ஒரு கைப்பிடி ஜனம். அவர்கள் மில் கிரீக், டீர் கிரீக் என்ற ஓடைகளின் பள்ளத்தாக்குகளுக்குள் போய் மறைந்துகொண்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை சார், ஏறத்தாழ நாற்பது வருஷம்!

எப்படி முடிந்தது? மண்ணில் கால்தடம் விழாமல் கல்லுக்குக் கல் தாவி நடந்தார்கள். புகை மேலே எழும்பாதபடி சின்னதாக அடுப்பு மூட்டினார்கள். வேட்டைக்கு வில்தான். ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் மொத்தப் பள்ளத்தாக்குக்கும் தெரிந்துபோகுமே!

1908-ல் நில அளவையாளர்கள் சிலர் தற்செயலாக அவர்களுடைய குடிசைகளைக் கண்டுபிடித்தார்கள். மிஞ்சியிருந்தவர்கள் அப்போது நாலே பேர். மற்றவர்கள் ஓடிவிட, நடக்க முடியாத கிழவி ஒருத்தி மட்டும் போர்வைக்குள் கிடந்தாள், அவருடைய தாய். வந்தவர்கள் வில், அம்பு, கூடை, ரோமப் போர்வை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ‘ஞாபகார்த்தமாக’ அள்ளிக்கொண்டு போனார்கள். சில நாட்களில் தாயும் செத்துப்போனாள். ஓடிப்போன சகோதரியை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. அதன்பின் மூன்று வருஷம் தன்னந்தனியாக இருந்தார். கடைசியில்தான் அந்தக் கசாப்புக்கூடம்.

மானுடவியல் பேராசிரியர்கள் அவரை சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். பேர் என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. தன் பேரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் ‘இஷி’ என்று பேர் வைத்தார். அவர்கள் மொழியில் ‘மனிதன்’ என்று அர்த்தம்.

மியூசியத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்று ஒரு சர்ஜன். இஷிக்கு வைத்தியம் பார்க்கப் போன டாக்டர், வில் வித்தையில் அவருக்கே சிஷ்யனாகிவிட்டார்! ஜூனிபர் மரத்தை இழைத்து, முதுகுப் பக்கம் மானின் தசைநாரை ஒட்டி, நாலு அடிக்கும் குறைவான வில்லை இஷி எப்படிச் செய்கிறார், நாரையே முறுக்கி நாணை எப்படித் திரிக்கிறார் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வில்லின் நுனிகளருகே ரோமத்தோல் பட்டையைச் சுற்றி நாணின் அதிர்வைத் தணிக்கும் பழக்கமும் வட கலிஃபோர்னியப் பழங்குடிகளிடம் இருந்தது. கடைக்கு வந்த ‘புது ஐட்டம்’ எத்தனை பழசு பாருங்கள்!

ஆனால் இஷியின் நிஜமான சைலன்ஸர் நாணில் இல்லை, அவரிடமே இருந்தது. வேட்டைக்கு முன்னால் மீன் சாப்பிட மாட்டார், புகையிலை தொட மாட்டார். விடியலில் எழுந்து ஓடையில் குளித்து, வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு கிளம்புவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, சுள்ளி முறியாமல் நடந்து, விலங்குக்கு மிக அருகே போய்விடுவார். தூரம் குறைந்தால் சத்தத்துக்கும் அம்புக்கும் உள்ள இடைவெளியும் குறையும். மானுக்கு முடிவெடுக்க நேரமே இருக்காது. கணக்குப் படிக்காத மனுஷன் போட்ட கணக்கு!

அவர் நாணின் சத்தத்தை வெறுத்தவரும் இல்லை. வில்லின் ஒரு நுனியை வாயோரம் வைத்துக்கொண்டு, அம்பால் நாணைத் தட்டி, இனிமையாக வாசித்துப் பாடுவாராம். போப் எழுதி வைத்திருக்கிறார். மறைந்து வாழ்ந்த காலத்தில் அந்த வில்லை அவர் எத்தனை முறை வாய்விட்டுப் பாட விட்டிருக்க முடியும்? யோசித்துப் பாருங்கள்.

1916, மார்ச் 25-ல் காசநோய் இஷியைக் கொண்டுபோய்விட்டது. அவரிடம் கற்றதையும் தானாகத் தேடிப் படித்ததையும் வைத்து போப் 1923-ல் எழுதிய வில் வேட்டைப் புத்தகம் அமெரிக்காவில் ஒரு புது அலையைக் கிளப்பியது. 1961-ல் அவர் பேரிலும் நண்பர் ஆர்தர் யங் பேரிலும் வில் வேட்டைக்காரர்களின் சங்கமே உருவானது. இன்று பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குப் போகிறவர் நாணில் பீவர் ரோமம் சுற்றுகிறார். அவர் சத்தம் போட்டால் நஷ்டம் ஒரு மான்தான். இஷியின் ஜனங்கள் சத்தம் போட்டிருந்தால் நஷ்டம், அந்த ஜனமே.

ஒரு விஷயம் பாக்கி. இஷி செத்த பிறகு, அவருடைய மூளையைத் தனியே எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. உறவுப் பழங்குடிகள் போராடி, 2000-ல் அதைத் திரும்ப வாங்கி, அவருடைய சாம்பலோடு சேர்த்து, அவர் பிறந்த மண்ணில் புதைத்தார்கள்.

எந்த இடத்தில்? அதை வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கல்லுக்குக் கல் தாவித் தடமில்லாமல் நடந்த மனிதருக்கு, அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது!