ஆறு தோள்களின் அளவு

போர் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் யார்? படை நடத்திய தளபதிகள். வாகை சூடிய வீரர்கள். அந்தப் படை ஆற்றைக் கடந்தது எப்படி என்று கேட்போர் சிலரே. கேட்டோர்க்கு விடையாக நிற்கும் பெயர், டொனால்டு பெய்லி.

1901-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரிலே பிறந்தவர். ஷெஃபீல்டு பல்கலைக் கழகத்தில் பொறியியல் பயின்று, 1928-ல் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்த இராணுவப் பாலச் சோதனை நிலையத்தில் பணியேற்றார். படைவீரரல்லர், சிவில் என்ஜினியர், அரசு ஊழியர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. டாங்கிகளின் எடை ஏறிற்று. இருந்த பாலங்கள் தாங்கவில்லை. 1940-ல் பழைய கடித உறையொன்றின் பின்புறத்திலே பெய்லி வரைந்து காட்டினார், புதிய பாலத்தை.

அதன் சிறப்பு யாது? சாதாரண மனிதனின் தோளை அளவுகோலாக்கியதே! 10 அடி நீளம், 5 அடி உயரம், சுமார் 570 ராத்தல் எடையுள்ள எஃகுச் சட்டம். ஆறு பேர் தூக்கலாம், 3 டன் லாரியில் ஏற்றலாம். சட்டத்தோடு சட்டத்தை முளையாணியால் பிணைத்தால் பாலம் நீளும். பக்கத்திலும் மேலேயும் அடுக்கினால் பலம் பெருகும். ஒரு கரையிலேயே பூட்டி, உருளைகள்மீது ஏற்றி, மறுகரைக்குத் தள்ளுவர். முன்பகுதி இலேசானது, பின்பகுதி பாரமானது; ஆகவே பாலம் ஆற்றிலே கவிழாது. பாரந்தூக்கும் யந்திரமும் வேண்டா. எல்லாச் சட்டங்களும் ஒரே அளவாதலால், பாலமே கட்டியறியாத பட்டறைகளும் அவற்றைச் செய்து குவித்தன.

1941-ல் சோதனை வென்றது. 1942 நவம்பரில் துனீசியாவின் மெஜர்தா ஆற்றின்மீது போர்க்களப் பாலம் எழுந்தது. 1944 டிசம்பரில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றிலே, கலேவாவில், மிதவைகள்மீது 1,154 அடி நீளப் பாலம் அமைந்தது.

1946-ல் 'சர்' பட்டம் பெற்ற பின்னரும் பெய்லி அரசுப் பணியிலேயே தொடர்ந்தார். 1966-ல் ஓய்வு பெற்று, 1985-ல் மறைந்தார். அவர் மறைந்தார், பாலம் மறையவில்லை. 2024 ஜூலை 30-ல் வயநாட்டிலே மலை சரிந்து முண்டக்கை துண்டிக்கப்பட்டபோது, சென்னைப் பொறியியல் படைப்பிரிவினர் அமைத்த 190 அடிப் பெய்லிப் பாலம் ஆகஸ்ட் 1-ல் கரைகளை இணைத்தது. போருக்குப் பிறந்தது, உயிர்காக்க வந்து நின்றது!

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள். மக்களுக்கென்று திட்டம் தீட்டுவோர் பலர். "இதைத் தூக்கிச் சுமக்கப் போகிறவனால் முடியுமா?" என்ற கேள்வியை முதலிலே வைத்துக் கணக்குப் போடுவோர் எத்தனை பேர்? அப்படிக் கணக்கிட்டதால்தான் அந்தப் பாலம் கரை சேர்ந்தது.