கொக்கியைப் பிடிக்கும் கை

சட்டக் கல்லூரி மாணவர்களிடம் 'நீடில் இண்டஸ்ட்ரீஸ்' என்று சொன்னால் '1981, உச்ச நீதிமன்றம்' என்று உடனே பதில் வரும். கம்பெனிச் சட்டத்தில் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய வழக்குகளில் அது ஒன்று. குரோஷா போடுகிற பெண்களிடம் அதே பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கிற ஊசியில் 'போனி' என்று எழுதியிருந்தால் அது அந்தக் கம்பெனியின் சரக்குதான். ஆலை இருப்பது நீலகிரியில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே கேத்தியில்.

1949இல் தொடங்கியபோது அது இங்கிலாந்தின் ஸ்டட்லி ஊரிலிருந்த தாய்க் கம்பெனிக்கு முழுச் சொந்தம். ஸ்டட்லிக்குப் பக்கத்து ஊர் ரெட்டிச். விக்டோரியா காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய வட்டாரம் அது. 1973இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. அப்போது கேத்தி ஆலையின் 32,000 பங்குகளில் 18,990 ஆங்கிலேயர் கையில். 1977 ஏப்ரலில் கூடிய இயக்குநர் குழு புதிதாக 16,000 பங்குகள் வெளியிட முடிவெடுத்தது. அந்தக் கடிதம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது மே 2ஆம் தேதி. பங்குகளை ஒதுக்கிய கூட்டம் நடந்ததும் அதே மே 2ஆம் தேதி! மொத்தமும் இந்தியப் பங்குதாரர்களுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் இதை 'அடக்குமுறை' என்று சொல்ல மறுத்துவிட்டது. ஆனால் ஆங்கிலேயருக்கு வந்திருக்க வேண்டிய 9,495 பங்குகளுக்குத் தலா 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாய் ஈடு கொடுக்கச் சொன்னது.

தீர்ப்பு ரொம்ப நீளம். ஊசி ஆலை யாருக்குச் சொந்தம் என்று அத்தனை பக்கம் பேசுகிற அதில், ஊசி கைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி கிடையாது. கோர்ட்டுக்கு அது தேவையும் இல்லை. நான் தேடிப் போனதுதான் அது.

காரணம் அத்தை. குரும்பகரம் காரைக்கால் மாவட்டத்தில், நெடுங்காடு பக்கம் இருக்கிறது. வயல், வாய்க்கால், மிச்சமெல்லாம் வெயில். அத்தை அங்கே முப்பது வருஷமாக குரோஷா போடுகிறார். ரவிக்கை லேஸ், மேஜை விரிப்பு, தோரணம். வெளியூர் வியாபாரி ஒருவர் நூல் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கிப்போகிறார். இரண்டு வருஷமாக ராத்திரியில் அத்தைக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. எழுந்து கையை உதறினால்தான் சரியாகும். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். அத்தை சைக்கிள் டியூபை மெல்லிசாக வெட்டி ஊசியின் நடுவில் சுற்றிக்கொண்டார். அவர் அளவில் வைத்தியம் முடிந்தது.

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல், 'சின்னக் கொக்கி' என்று பொருள். 1739இலிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில், பிரெஞ்சுப் பெயர் கொண்ட ஒரு வேலை நடப்பதைப் பார்த்தால், நேராக அங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். புதுச்சேரிக்கு குளூனி கன்னியர்கள் 1827இல் வந்ததும், அவர்களுடைய எம்பிராய்டரிக் கூடம் இன்றும் நடப்பதும் அந்த ஆசையைத் தூண்டும். ஆனால் தென்னிந்தியாவில் லேஸ் வேலையைக் கூலி வேலையாகப் பரப்பியதில் பெரிய பங்கு ஆங்கிலம் பேசிய மிஷன்களுக்கு. அவர்கள் கொண்டுவந்த குரோஷாவின் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது.

1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. கன்னியர் மடங்களும் தர்ம சபைகளும் பெண்களுக்கு குரோஷா சொல்லிக்கொடுத்தன. வெனிஸ் லேஸைப் பார்த்துப் போட்ட நகல், ஆனால் அதைவிட வேகமாக முடியும். லண்டனிலும் பாரிஸிலும் விற்றது. பஞ்ச காலத்துப் பெண்களுக்குக் கொக்கி வாங்கக் காசு ஏது? தையல் ஊசியின் காதை அரத்தால் பாதி ராவிக் கொக்கியாக்கி, மறுமுனையைத் தக்கையிலோ மரத்துண்டிலோ சொருகிக்கொண்டார்கள். இந்த விவரம் எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்தத் தக்கைதான் இன்று எழுநூறு ரூபாய்க்கு விற்கிற மெத்தைப் பிடி ஊசியின் பாட்டி. பிறகு ஆலைகள் கொக்கியை ஒரே எஃகுக் கம்பியாக அடிக்க ஆரம்பித்தபோது தக்கை போய்விட்டது. நடுவில் கட்டைவிரல் வைக்க ஒரு தட்டையான இடம் மட்டும் விட்டார்கள். அத்தை டியூப் சுற்றியது அந்த இடத்தில்தான்.

இங்கே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்திலேயே லேஸ் பள்ளி நடத்தினார். அது குரோஷா இல்லை. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள். கைவேலையை ஒட்டுமொத்தமாகச் சுரண்டல் என்று தள்ளிவிட முடியாதபடி அந்த ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

குரோஷா வேரூன்றியது இன்னொரு டெல்டாவில், கோதாவரிக் கரை நரசாபூரில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மக்ரே என்கிற ஸ்காட்லாந்து மிஷனரியும் மனைவியும் தொடங்கியது என்பார்கள். 1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆய்வு செய்து, 1982இல் புத்தகமாக்கினார். அந்த வட்டாரத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் லேஸ் போட்டார்கள். ஏற்றுமதிக்காரர் நூல் கொடுப்பார், தரகர் வீட்டுக்குக் கொண்டுவருவார், பூவாகவோ சதுரமாகவோ போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒருத்தி பூ போடுவாள், இன்னொருத்தி இணைப்பாள். தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம், சமையல் போக. ஆனால் யாரும் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் போடுவது என்றார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி குறைந்துவிடும். மீஸ் புத்தகத்தின் மையம் அதுதான். 2024இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் எனக்குப் பட்டது வேறொன்று. 'உங்களுக்கு வசதியான ஊசியைத் தேர்ந்தெடுங்கள், ஏற்ற நூலைத் தேர்ந்தெடுங்கள்' என்பதுதான் இன்று குரோஷா கற்றுக்கொள்ளப் போகிற யாருக்கும் கிடைக்கிற முதல் பாடம். நூற்றைம்பது வருஷமாக இந்த வேலையைச் செய்த பெரும்பாலான பெண்களுக்கு அந்தப் பாடம் அர்த்தமே இல்லாதது. நூலை முடிவு செய்தவர் வாங்குகிறவர். நூல் எத்தனை மெல்லிசோ அத்தனை மெல்லிசு ஊசி. கை அந்தக் கணக்கில் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். எனக்குத் தெரிந்தது அதுதான்.

குரோஷா நூலுக்கு நம்பர் உண்டு: 10, 20, 40, 60. நம்பர் கூடினால் நூல் மெலியும். நெசவுக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. ஒரு பவுண்டு பஞ்சில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர். குரோஷா உருண்டையின் நம்பரும் அந்த மரபில் வந்ததுதான், முறுக்கிய புரிகளைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஸ்டீல் ஊசியிலும் பழைய நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். நாட்டுக்கு நாடு அந்த நம்பர் வேறு என்பதால் மில்லிமீட்டரை மட்டும் பார்ப்பது நல்லது. 10ஆம் நம்பர் நூலுக்கு 1.25 முதல் 1.5 மி.மீ. வரை. 40க்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. அத்தை போடுவது 40.

இப்போது பிடி. ஒவ்வொரு பின்னலுக்கும் கொக்கியைக் கொஞ்சம் திருப்பி நூலை இழுக்க வேண்டும். திருப்புவதற்கு விரல் கொடுக்க வேண்டிய விசை, பிடியின் விட்டத்துக்குத் தலைகீழ் விகிதம். 3 மி.மீ. கம்பியைத் திருப்ப எவ்வளவு நெருக்க வேண்டுமோ, 9 மி.மீ. பிடி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பின்னல் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவருக்குத் தடித்த பிடி ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ரொம்பத் தடித்தாலும் விரல் மடங்காமல் வலிக்கும், அது வேறு. பேனா மாதிரி பிடிக்கிறவர்களுக்கு ஒருவகை, கத்தி மாதிரி மேலிருந்து பிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் நீளமான பிடி. அத்தை பேனா கட்சி.

நூலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பளி இழுத்தால் நெகிழும், கைக்கு இதம். பருத்தி நெகிழாது, அந்த விறைப்பை விரலும் மணிக்கட்டும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் காரைக்கால் வெயிலில் யார் கம்பளியைத் தொடுவது? அக்ரிலிக் மலிவு, நிறம் நிறமாகக் கிடைக்கும், ஆனால் வியர்வைக் கையில் பிசுபிசுக்கும், போட்டுக்கொண்டால் காற்றே போகாது. கைக்குழந்தைக்கு அக்ரிலிக் தொப்பி பரிசாகக் கொடுக்கிற நண்பர்கள் இதைப் படிக்கட்டும். ஆக நம் ஊருக்குப் பருத்திதான். கைக்குக் கடினமான நூல்தான் ஊருக்கு ஏற்ற நூல். அப்படியிருக்க, மெத்தைப் பிடியைச் சொகுசு என்று எப்படிச் சொல்வது?

பருத்தியிலும் மெர்சரைஸ் செய்தது நல்லது. ஜான் மெர்சர் என்கிற லங்காஷயர்க்காரர் 1844இல் பருத்தியைக் காரத்தில் நனைத்தால் இழை பருத்து உறுதியாவதைக் கண்டுபிடித்தார். துணி சுருங்கியதால் அவர் காலத்தில் அது எடுபடவில்லை. 1890 வாக்கில் ஹொரேஸ் லோ, இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பட்டு மாதிரி பளபளப்பு வரும் என்று காட்டினார். அல்சாஸின் மூலூஸில் 1746இல் தொடங்கிய டி.எம்.சி. போன்ற கம்பெனிகள் அந்தப் பளபளப்பில்தான் உலகமெங்கும் நூல் விற்றன. நம் ஊரில் அதே இடத்தில் மதுரா கோட்ஸ் விற்ற ஆங்கர். அந்தக் கம்பெனியின் வேர் 1885இல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தில் ஓட்டிய மில். கையில் மெர்சரைஸ் நூல் வழுக்கிக்கொண்டு போகும், புரி பிரியாது, கொக்கி நடுவில் குத்திக்கொள்ளாது. இழுவை குறைந்தால் மணிக்கட்டுக்கும் வேலை குறையும்.

இன்னொன்று: கடலோரக் காற்றில் உப்பு. முலாம் தேய்ந்த ஸ்டீல் ஊசி வெள்ளை நூலில் துருக்கறை வைக்கும். அத்தை ஊசியை எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பார், எடுக்கும்போது துடைத்துவிடுவார். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் 1 மி.மீ.யில் அலுமினியம் வளைந்துவிடும். அதனால் அந்த அளவுகள் ஸ்டீலில் மட்டுமே.

நான் ஜப்பான் ஊசி ஒன்று வாங்கிக்கொடுத்தேன். தலை 1 மி.மீ. ஸ்டீல், பிடி மெத்தை. அந்த விலைக்கு கேத்தி ஸ்டீல் ஊசி பத்துக்கு மேல் வாங்கலாம். கூடவே 10ஆம் நம்பர் நூலும் வாங்கிப்போய், "இதுல போட்டா கை வலிக்காது அத்தை, சீக்கிரமும் முடியும்" என்றேன்.

அத்தை நூலை விரலில் உருட்டிப் பார்த்தார். "இந்தத் தடிமனுல போட்டா அவன் வாங்க மாட்டான்டா. மெல்லிசா இருந்தாத்தான் ரேட்டு. ஊசி மாறுனா ரேட்டு மாறுமா?"

மாறாது. ஆனால் ஊசி மாறலாம், நூல் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. தலை அதே 1 மி.மீ.தானே, பின்னலின் அளவு மாறவில்லை, வியாபாரிக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரு மாசத்தில் மரத்துப்போவது குறைந்திருக்கிறது, போகவில்லை. மணிக்கு ஒரு தடவை எழுந்து விரலை விரித்து மடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இப்போதுதான் கேட்கிறார், ஊசியால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மெத்தை வியர்வையில் ஒட்டுகிறது என்று அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருக்கிறார்.

தெருவில் இன்னும் நாலைந்து பேர் அதே வியாபாரிக்குப் போடுகிறார்கள். போன தடவை நூல் கொண்டுவந்தபோது, ஊசிச் செலவில் பாதியாவது தருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். "நூல் நம்ம பொறுப்பு, ஊசி உங்க பொறுப்பு, எப்பவும் அப்படித்தானேம்மா" என்றாராம். மகளிர் குழுவில் பேசி, தவணையில் வாங்குவதாக மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 1 மி.மீ. இரண்டு, 0.9 மி.மீ. ஒன்று.